1984-இல் நாம் நட்ட மரங்கள்



இன்றைக்கு எழுதப்போவது கொஞ்சம் நீளம். அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்காருங்கள். 1984-85-இல் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் என்னிடம் படித்தவர்கள் மட்டும் பாதியில் எழுந்து போகக் கூடாது. உங்களுக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் தாமதமாகிவிட்டது.

ஆரம்பித்து வைத்தவன் என் தங்கை மகன். சென்னையில் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி போனில் படம் அனுப்பினான். இரண்டு மலைச் சரிவுகளுக்கு நடுவே தட்டையான ஒரு பள்ளம். முழுக்கப் பச்சை. நடுவில் கோடு கிழித்தாற்போல ஓர் ஓடை. கொடைக்கானலுக்கு மேலே, ஒன்றேகால் ஏக்கர். நான் பார்த்து முடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டான்.

"பெரிம்மா, இடம் எப்படி? சல்லிசா வருது. கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் சகதி. கோரை மண்டிக் கெடக்கு. முப்பது லோடு மண்ணடிச்சா நாலு காட்டேஜ் போட்டுடலாம். அம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். "கொஞ்சம் பொறுடா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பேர் போடாத பெரிம்மா" என்றான். போடவில்லை. அவன் யார் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், அது வேறு விஷயம்.

அவனைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் கோரை என்றால் மரியாதை கிடையாது.

நான் வளர்ந்தது மாடக்குளம் பக்கம். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் நம் ஊரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்மாய்க்குக் கீழே இருக்கிற ஊர்தான் மதுரை என்று அர்த்தம். வைகையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகும்போது கரையோரம் எங்கள் உயரத்துக்குக் கோரை நிற்கும். அம்மா அதைத் திட்டிக்கொண்டே இருப்பாள். வயலில் களையெடுக்கும்போது கோரையைப் பிடுங்கினால் மேலே உள்ளது மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் நூல் போன்ற வேர் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். மூன்றாம் நாள் மறுபடி முளைக்கும். அது வயல் கோரை, மருந்துக்கடையில் முத்தக்காசு என்று கேட்டு வாங்குகிறோமே, அதே கிழங்குதான். உலகத்திலேயே மோசமான களைகளின் பட்டியலில் அதற்குத்தான் முதல் இடம் கொடுக்கிறார்கள். அம்மா பட்டியல் படித்ததில்லை. கொடுத்த இடம் ஒன்றுதான்.

கண்மாய்க்குள் கோரை பரவ ஆரம்பித்தால் பெரியவர்கள் முகம் மாறும். வண்டல் சேர்ந்து, தண்ணீர் ஆழம் குறைந்த இடத்தில்தான் அது உள்ளே வரும். "கம்மாய் தூந்து போச்சுடா" என்பார்கள். ஆக, சமவெளியில் கோரை என்றால் ஏதோ கெட்டுப்போகிறது என்ற சேதி. அந்த எண்ணம் எனக்கும் ரத்தத்தில் ஊறியிருந்தது.

அப்படிப்பட்ட நான் கோரையை விரும்பிப் பாடம் நடத்தினேன். என்னிடம் படித்த எல்லாருக்கும் அந்த வகுப்பு ஞாபகம் இருக்கும். ஆளுக்கொரு தண்டைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு நடுவே உருட்டச் சொல்வேன். புல் என்றால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை உருளாது. மூன்று விளிம்பு விரலில் தட்டும். புல்லுக்குக் கணு உண்டு, உள்ளே பொள்ளல். கோரைக்குக் கணு இல்லை, உள்ளே சோறு. புல்லின் இலை இரண்டு வரிசை, கோரையின் இலை மூன்று வரிசை. பார்வைக்குப் புல், ஆனால் புல் இல்லை, தனிக் குடும்பம். உலகம் முழுக்க ஏறக்குறைய 5,500 வகை. எகிப்துக்காரன் காகிதம் செய்த பாப்பிரஸ் இந்தக் குடும்பம். பத்தமடைப் பாய் இந்தக் குடும்பம். சங்கப் பாட்டில் பெண் பிள்ளைகள் பைஞ்சாய்ப் பாவை செய்து விளையாடுவதாக வருமே, அந்தப் பைஞ்சாயும் கோரைதான் என்று நம் தமிழம்மா வகுப்புக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். பிறகு ஒரு தண்டை இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்தும் கிழித்துக்கொண்டே வர வேண்டும். சரியாகக் கிழித்தால் நடுவில் சதுரம் விரியும். அதற்காக நீங்கள் போட்ட சண்டையை அடக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தத் தண்டின் நடுவே இருக்கும் பஞ்சு போன்ற சோறு எதற்கு என்றும் சொல்லிக்கொடுத்தேன். ஊறிய மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். கோரை மட்டும் இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுபோக உள்ளே வழி வைத்திருக்கிறது. அதனால்தான் மற்ற செடிகள் நிற்க முடியாத இடத்தில் அது நிற்கிறது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். இப்போது 1984-க்கு வருகிறேன்.

அப்போது கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டமானது அடுத்த வருஷம், 1985-இல். பள்ளிகளில் மரம் நடுவதுதான் அந்தக் காலத்தில் பெரிய நல்ல காரியம். ‘தரிசு நிலத்தைப் பசுமையாக்குவோம்’ என்று சுவரெங்கும் எழுதியிருக்கும். நம் பள்ளியில் இருந்து ஆகஸ்ட் மாதம் முப்பத்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் முகாம் போனோம். பழைய லாரி ஒன்றில் கன்றுகள் வந்தன. எந்த அலுவலகம் கொடுத்தது, யார் இடத்தைக் காட்டினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். காட்டிய இடத்தில் நடலாம் என்று தலையாட்டிய உயிரியல் டீச்சர் நான்.

தெற்குச் சரிவில், பெரியகுளம் பக்கம் தண்ணீர் இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு. மேலே இரண்டு பக்கமும் புல் மலை. மடிப்பில் சோலைக்காடு, கறுப்பாக. அடியில் தட்டையாக, பெரிய கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பச்சை. இறங்கியதும் காலடியில் நிலம் ஆடியது, ஞாபகம் இருக்கிறதா? மெத்தையில் நடப்பது போல. ஒருத்தன் குதித்தான், பத்தடி தள்ளி நின்றவன் காலிலும் அதிர்ந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தவர்கள் நாலைந்து பேர். திட்டுத் திட்டாகக் கோரைக் குத்துகள், அவற்றின் நடுவே கறுப்புத் தண்ணீர். கீழே நம் ஊரில் பார்த்த கோரைக்கு அண்ணன் தம்பி முறை. குளிர் தேசங்களில் அதிகம் காணப்படும் கேரெக்ஸ் என்ற இனம்கூட அங்கே உண்டு.

உங்களில் ஒருத்தி, இப்போது பெங்களூரில் இருப்பவள், கத்தினாள்: "டீச்சர், இந்தச் செடி ஈயைப் புடிச்சு வெச்சிருக்கு!" சிவப்பாக, ரோமம் ரோமமாக, ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் பனித்துளி போலப் பசை. டிரோசெரா. பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்ததை நேரில் பார்த்த சந்தோஷத்தில் நான் சேற்றிலேயே மண்டியிட்டுவிட்டேன். எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து அங்கேயே பாடம் எடுத்தேன். ‘இந்த மண்ணில் நைட்ரஜன் சத்து கிடையாது பிள்ளைகளா. எல்லாச் சத்தும் மக்காமல் அடியில் கிடக்கிறது. அதனால்தான் இந்தச் செடி பூச்சியைத் தின்று பிழைக்கிறது. மண் ஏழையாக இருப்பதுதான் இதன் பலம். வளமான மண்ணில் மற்ற செடிகள் இதை அமுக்கிவிடும்.’ சரியான பாடம். இன்றைக்கும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி வாக்கில், அதே இடத்தில் சீகைக் கன்றுகளை நட்டோம்.

சீகை என்பது வாட்டில் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, பட்டை தோல் பதனிட உதவும் என்று மலையெங்கும் வளர்த்தார்கள். அவரைக் குடும்பம். வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இதையும் அதே ஒன்பதாம் வகுப்பில், ஒரு மாதத்துக்கு முன்னால்தான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருந்தேன். ஏழை மண்ணில்தான் அந்தச் செடி பிழைக்கும் என்று காலையில் சொன்னவள், அந்த மண்ணைப் பணக்காரன் ஆக்கும் மரத்தை மதியம் நட வைத்தேன். இரண்டு பாடமும் என் ஒரே தலையில்தான் இருந்தன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

ஈரம் அதிகமாக இருந்த நடுப்பகுதியில் குழி நிற்கவில்லை. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. அதற்கும் வழி சொன்னார்கள். முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடைக்கு விட்டோம். பையன்கள் போட்டி போட்டு வெட்டினார்கள். கட்டி கட்டியாகக் கறுப்பு மண் வந்தது, கையில் பிழிந்தால் காபி டிகாக்ஷன் மாதிரி வடியும். உள்ளே பழைய இலையும் வேரும் அப்படியே தெரிந்தன. ‘எவ்வளவு வளமான மண்!’ என்று நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கறுப்பு மண் என்ன என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

மதுரைக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. கொடைக்கானலுக்கு ஏறக்குறைய அதில் இரண்டு பங்கு. அந்த மழை புல் மலையிலும் சோலையிலும் இறங்கி, மண்ணுக்குள் ஊர்ந்து, பள்ளத்தின் அடியில் கசிந்து வெளியே வருகிறது. அங்கே தட்டையாக இருப்பதால் தேங்குகிறது. தேங்கிய மண்ணில் காற்று இல்லை, மேலே குளிர். கோரை செத்து விழுந்தால் மக்க வைக்கும் கிருமிகளுக்கு வேலை ஓடாது. வருஷா வருஷம் ஒரு மெல்லிய படுகை சேரும். அதன்மேல் அடுத்த கோரை. இப்படிச் சேர்ந்ததற்குப் பெயர் பீட். நீலகிரியில் சாண்டிநல்லா பகுதியில் இந்த மண்ணை அடிவரை தோண்டியெடுத்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர்.சுகுமாரும் உடன் வேலை செய்தவர்களும் ஆராய்ந்தார்கள். 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்தப் படுகைகளில் ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கதை இருந்தது. எந்தக் காலத்தில் மழை பெய்தது, எந்தக் காலத்தில் வறண்டது என்பதைச் செத்த செடிகளின் கார்பனே எழுதி வைத்திருந்தது. நாம் வெட்டிய குழியில் எத்தனை ஆயிரம் வருஷம் இருந்ததோ. வெட்டிப்போட்ட கட்டிகள் வெயில் பட்டுக் காய்ந்திருக்கும். காற்று பட்டுவிட்டால் மக்க ஆரம்பித்துவிடும். நமக்கு மூன்று மணி நேரம் ஆனது.

இந்த மாதிரி இடங்களை ‘பஞ்சு’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் விடும் என்று. நானும் சில கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நனைந்த பஞ்சு மேலும் குடிக்காது. ஐப்பசி அடைமழையில் பள்ளம் நிரம்பி வழியத்தான் செய்யும். அதன் வேலை வேறு. வரும் தண்ணீரை நிதானப்படுத்துகிறது. கோரைக் குத்துகளின் நடுவே நுழைந்து நுழைந்து போவதற்குள் வெள்ளத்தின் வேகம் அடங்குகிறது, வண்டல் அங்கேயே படிகிறது. சுற்றியுள்ள சரிவின் நிலத்தடி நீர் ஒரேயடியாக வடிந்துவிடாமல் கதவு போல நிற்கிறது. கதவைத் திறந்துவிடுவதற்கு முழங்கால் ஆழ வாய்க்கால் ஒன்று போதும்.

கீழே கோரை வந்தால் கண்மாய் போகிறது. மேலே கோரைதான் கண்மாய். இந்த ஒன்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் கவனித்திருக்கலாம். எல்லாப் பக்கமும் மரம் இருக்க, அந்தத் தட்டில் மட்டும் ஏன் ஒரு மரம்கூட இல்லை? யாரும் வெட்டவில்லை. ஊறிய மண்ணில் சோலை மரங்களின் வேர் அழுகும். தை மாத ராத்திரிகளில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அடியில் தேங்கும். விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. சோலை மரக்கன்று அதில் கருகிவிடும். சீகை அதையும் தாங்கும். மரம் இல்லாத இடம் மரத்துக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தது சமவெளிக்காரர்களின் கண். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, இந்த உயரத்துப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு மரம் வேண்டாம்.

சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டிய பகுதி இது. கல்யாணம், குழந்தைகள், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, பதவி உயர்வு, ஓய்வு. 2018-இல் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அடுத்ததற்கு முட்டி ஒத்துழைக்குமோ என்னவோ என்று ஓய்வுபெற்ற டீச்சர்கள் ஐந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்துப் போனோம். செண்பகனூரில் 1895-இல் ஆரம்பித்த மியூசியத்தை மறுபடி பார்த்தோம். ஏரியைச் சுற்றி நடந்தோம். அந்த ஏரியும் இயற்கை ஏரி இல்லை, தெரியுமா? 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ் துரை, ஓடையும் சதுப்புமாகக் கிடந்த பள்ளத்தில் கரை கட்டி உண்டாக்கியது. பேரிஜம் ஏரியும் சதுப்பாக இருந்த இடம்தான். அங்கிருந்துதான் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகிறது.

இரண்டாம் நாள் நான் மட்டும் நம் பள்ளத்தாக்கைத் தேடிப் போனேன். டிரைவர் தம்பி துணைக்கு வந்தார்.

நம் மரங்கள் நன்றாக வளர்ந்திருந்தன. அதுதான் கொடுமை. நாம் நட்டவை, அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஆள் நுழைய இடமில்லாமல் நெருக்கமாக நின்றன. அடியில் கோரை இல்லை. காய்ந்த இலைக் குப்பை, இடையிடையே உண்ணிச்செடி. நடந்தால் நிலம் ஆடவில்லை. குதித்துப் பார்த்தேன், அறுபது தாண்டிய வயதில். கட்டாந்தரை. ஓடை இருந்த இடத்தில் கல் தெரிந்தது.

விறகு சுமந்து வந்த ஒரு அம்மாள் சுமையை இறக்கி வைத்துவிட்டு என்ன தேடுகிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன்.

"இதுவா? முன்னாடி இங்க எரும முங்குமே. பங்குனி, சித்திரையிலயும் தண்ணி நிக்கும். இப்ப நாங்க அந்த முடுக்குக்குல்ல கொடம் தூக்கிட்டுப் போறோம்." பிறகு மரங்களைக் காட்டி, "யாரோ பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்து வெச்சதும்பாக" என்றார்கள்.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் சுமையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கூட வந்த டீச்சர்களிடம்கூட.

முழுப் பழியும் சீகைக்கா என்றால், என்னால் அப்படிச் சொல்ல முடியாது. மேலே புதிதாக இரண்டு கட்டடம் வந்திருந்தது, கறுப்புக் குழாய்கள் சரிவில் இறங்கின. பக்கத்துப் பள்ளத்தில் காரட் போட வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். ஆனால் இந்த வெளிநாட்டு மரங்கள் தண்ணீரைக் குடிப்பது கதை இல்லை. நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியில் தைலமரம் நட்டு அளந்து பார்த்தபோது, முதல் பத்து வருஷத்தில் ஓடைக்கு வரும் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆறுகளில் தண்ணீர் கூட வேண்டும் என்பதற்காகவே 1995 முதல் அரசாங்கம் கூலி கொடுத்து இதே சீகை மரத்தை வெட்டி எடுக்கிறது.

மதுரைக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். வைகைத் தண்ணீர் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று சொன்னால் பொய். வைகை பிறப்பது வருஷநாட்டு மலையில். பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் அதோடு சேருகிறது. பழனி மலையின் வடக்குச் சரிவு, மன்னவனூர், கூக்கால் பக்கத்துத் தண்ணீர், அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஆனால் தெற்குச் சரிவு நம்முடையது. வராக நதியும் மஞ்சளாறும் வைகையில்தான் சேர்கின்றன. பங்கு சின்னதோ பெரியதோ, கோடையில் வரும் சொட்டுத் தண்ணீருக்கு இந்த மாதிரிப் பள்ளங்கள்தான் ஆதாரம். மாடக்குளத்துக் கோரைக்கும் அந்த மேட்டுக் கோரைக்கும் நடுவே இருப்பது ஒரு தண்ணீர்ப் பாதை. ஒரு முனையில் நான் பிறந்தேன், மறுமுனையில் வாய்க்கால் வெட்டினேன்.

சரி, வெட்டிய மரத்தோடு பாவம் தீருமா? அதுவும் அவ்வளவு எளிது இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விழ வைத்தாலோ தீ வைத்தாலோ அத்தனையும் ஒன்றாக முளைக்கும். சில இடங்களில் இந்த மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. அங்கே கை வைக்கவே கூடாது என்கிறார்கள். புல் மலையைத் திரும்பக் கொண்டுவர ஒவ்வொரு புல்லாக நாற்றங்காலில் வளர்த்து நடும் ஆட்கள் அந்த மலையில் இருக்கிறார்கள். கோரைப் பள்ளத்துக்கு முதல் வேலை, வெட்டிய வாய்க்காலை அடைப்பது. தண்ணீர் திரும்ப நின்றால், கோரை தானாக வந்தாலும் வரும். பீட் வராது. அதற்கு நம் பேரன்களின் பேரன்களும் போதாது.

இதையெல்லாம் தங்கை மகனிடம் போனில் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை "சரி பெரிம்மா" என்றான். கேட்டுக்கொண்டிருக்கிறானா, லேப்டாப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டான்:

"நான் வாங்கலேன்னா வேற ஆளு வாங்கி மண்ணடிப்பான். அதுக்கு என்ன பண்ணுவ?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் இல்லை. "அப்ப நீயே வாங்கி, மேட்டுல ஒரே ஒரு வீடு கட்டிக்க. பள்ளத்தைத் தொடாத" என்றேன்.

"பாங்க் லோன் பள்ளத்துக்கும் சேர்த்துத்தானே கட்டணும்?"

அதற்கும் பதில் இல்லை. என் பிஎஃப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பள்ளத்துக்கு உண்டான பங்கை நான் தருகிறேன் என்றேன். தங்கை இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாள். போடட்டும். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. கார்த்திகைக்குள் பத்திரம் முடிக்க வேண்டுமாம்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு. அன்றைக்கு உங்களை நட வைத்தவள் நான். நீங்கள் பிள்ளைகள், சொன்னதைச் செய்தீர்கள். ஆகவே இந்தக் கணக்கில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் இடம் எது, வாய்க்கால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வெட்டிய பையன்களுக்கு இருக்கும். யாரிடமாவது அந்த முகாமில் எடுத்த போட்டோ இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் மலை தெரிந்தால் போதும். வாய்க்காலை அடைக்கவும் கன்றுகளைப் பிடுங்கவும் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கிளையும் ஒடிக்கப் போவதில்லை. ஆனால் பார்க்கவும் அளக்கவும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு வேன் கிளம்பும். வருபவர்கள் என் நம்பருக்குச் சொல்லுங்கள், புளியோதரைக்குக் கணக்கு வேண்டும். உறைபனி இருக்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விறகுக்கார அம்மாளின் வீட்டை விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் அங்கேதான் போகிறோம். முட்டி வலிக்காரர்களுக்கு முன் சீட். அதில் ஒன்று ஏற்கெனவே எனக்கு.